வலத்தூணும் இடத்தூணும்: பாலசரஸ்வதி வாழ்வில் ஆடலும் ஆசிரியமும்

சிலப்பதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்தும் தமிழாசிரியர்க்கு ஒரு பழக்கம் உண்டு. அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற்புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்தம் இலக்கணங்களை வரிசையாக விளக்குவோம். அரங்கின் நீளம் அகலம் உயரம் இவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவோம். பின்னர் மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள் என்று கூறிப் பாடத்தை முடித்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்துவந்தேன்.

ஓராண்டு, முதுகலை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அம்மா, இடத்தூண் அருகே நின்று பாடும் தோரிய மகளிர் யார்? அவர்களும் ஒரு காலத்தில் மாதவியைப் போல ஆடியவர்கள்தாமா?" என்று வினவினாள். ஆடி முதிர்ந்த மகளிர் என்னும் உரைப்பொருளைக் கூறினேன். அவள் விடவில்லை. "அப்படியானால் மாதவிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வரிசையில் அவர்கள் பெயர் ஏன் இல்லை?" என்றாள். அன்று என்னிடம் விடை இல்லை.

அரங்கேற்று காதையை மீண்டும் படித்தேன். மாதவி வலக்காலை முன்வைத்து அரங்கேறி, மரபுப்படி வலத்தூணைச் சேர்ந்து நிற்கிறாள். முன்பு இவ்வாறே ஏறி ஆடிய மூத்த மகளிர் இடத்தூண் பக்கம் நின்று வாரம் பாடுகின்றனர். ஆசிரியன்மார் ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் விரித்துரைக்கும் அடிகள், இம்மூத்த மகளிரைச் சில சொற்களில் கடந்துவிடுகின்றன. ஆயினும் இளங்கோவடிகள் அவர்களை அரங்கிலிருந்து நீக்கவில்லை. ஆடலை உடலால் அறிந்த பெண்ணொருத்தி, அடுத்த பெண் ஆடும்போது அருகே நின்று பாடுகிறாள் என்பதை அவர் கண்டு எழுதியிருக்கிறார்.

வலத்தூணில் நின்று தொடங்கிய பெண், இடத்தூணுக்கு எவ்வாறு வந்து சேர்கிறாள்? ஆடலாசிரியன் இருக்கும் இருக்கை அவளுக்கு என்று கிட்டுகிறது? இவ்வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெண்மணியின் வாழ்வு விடை தருகிறது. அவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார் (1918-1984). அவ்வாழ்வை இவ்வொரு கோணத்தில் மட்டும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டுவித்தோர் ஆடவர்

தமிழகத்து ஆடல் வரலாற்றில் ஆடியவர் பெண்டிர். ஆட்டுவித்தவர் பெரும்பாலும் ஆடவர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 1014ஆம் ஆண்டையொட்டிப் பொறித்த கல்வெட்டு, நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரும் ஊரும் வீட்டு வரிசையும் சுட்டிக் குறிப்பிடுகிறது. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருமானம் உடைய ஒரு பங்கு வழங்கப்பட்டது. அதே கல்வெட்டில் நட்டுவம் செய்வோர், பாடுவோர், கருவி இசைப்போர் ஆகியோர் தனியே வருகின்றனர். நட்டுவம் செய்தவர் ஆடவரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய நாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரும், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்த ஆடவரே. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று அவர்கள் அமைத்த முறையைப் பெண்கள் ஆடினர். அதனை அடுத்த தலைமுறைக்குச் சேர்த்த நட்டுவாங்கம் மகன், மருமகன், பேரன் என்று ஆண்வழியாகவே சென்றது.

ஆனால் கலை முழுவதும் அவ்வழியே செல்லவில்லை. அடவும் சொற்கட்டும் நட்டுவனாரின் தட்டுக்கழியிலிருந்து பிறந்தன. பாட்டும், பாட்டின் பொருளை முகத்திலும் கையிலும் விரிக்கும் அபிநயமும் வீட்டுப் பெண்களிடமிருந்து வந்தன. பாட்டி பதம் பாட, தாய் கேட்டுத் திருத்த, மகள் அமர்ந்து கை பிடிப்பாள். இதற்குப் பள்ளி என்ற பெயரும் இல்லை. கற்பித்தவர்க்கு ஆசிரியர் என்ற பட்டமும் இல்லை. தோரிய மகளிர் செய்த வேலை பல நூற்றாண்டுகள் இவ்வாறு பெயரின்றித் தொடர்ந்தது.

ஜார்ஜ் டவுன் வீடு

பாலசரஸ்வதி பிறந்த வீடு இவ்விரு வழிகளும் கூடிய இடமாக இருந்தது. அவருடைய பாட்டி வீணை தனம்மாள் (1867-1938). சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலை நடைபெற்ற வீணை இசையைக் கேட்பதற்கு அக்காலத்துப் பெரும் வித்துவான்கள் வந்து அமைதியாக அமர்ந்திருப்பர். தஞ்சை அரண்மனையில் பதினெட்டாம் நூற்றாண்டில் இசையும் ஆடலும் வல்லவராக விளங்கிய பாப்பம்மாளிடமிருந்து தொடங்கும் அம்மரபில் பாலசரஸ்வதி ஏழாம் தலைமுறை. தாயார் ஜயம்மாள் பாடகி. பெரிய தாயார், சிறிய தாயார் அனைவரும் இசை வல்லவர்கள். சிறிய தாயாரின் மகளிரான பிருந்தாவும் முக்தாவும் பின்னாளில் பதம் பாடுவதில் இணையற்றவராயினர். தம்பியர் இருவருள் இரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் குழலிலும் சிறந்தனர்.

இத்தகைய வீட்டிலும் சிறுமியை ஆடலுக்கு விடுவதில் எளிதாக இசைவு ஏற்படவில்லை. கோயிலாடல் மரபின்மீது பொதுமக்கள் கண்டனம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மகள் ஆடுவாளாயின் இழிசொல் கேட்பாள் என்று குடும்பத்தார் அஞ்சினர். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிவந்த கௌரி அம்மாளின் ஆட்டத்தைக் கண்டு சிறுமி அதன்மேல் தீராத விருப்பம் கொண்டாள். தாயார் ஜயம்மாள் மகளின் பக்கம் உறுதியாக நின்றார்.

ஆசிரியராக அமைந்தவர் தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பா பிள்ளை. அவருடைய கண்டிப்பைப் பாலசரஸ்வதி வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். அரைமண்டியில் அமர்ந்து, ஒவ்வோர் அடவையும் மூன்று காலத்தில், கழி தரையில் தட்டும் ஓசை ஒன்றையே துணையாகக் கொண்டு, கால் தளரும்வரை செய்ய வேண்டும். பிசகினால் தண்டனை உண்டு. இன்றைய பெற்றோர் ஏற்கமாட்டார்கள்; ஏற்கவும் வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஆசிரியர் மாணவியின் காலுக்கு அளித்த உறுதியே, பிற்காலத்தில் அவர் காலைப் பற்றி எண்ணாமல் பாட்டை மட்டும் எண்ணி ஆடுவதற்கு இடம் தந்தது.

மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்பர். பாலசரஸ்வதி 1925ஆம் ஆண்டு, ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேறினார். அரங்கேற்றம் என்பது கற்றல் முடிந்தமைக்கு அறிகுறி என இன்று பலர் கருதுகின்றனர். அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் அமர்த்தி, விருந்தளித்து, மறுநாள் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடும் வீடுகள் நாமறிந்தனவே. கந்தப்பா பிள்ளையின் வகுப்போ அரங்கேற்றத்திற்குப் பின்னரே முழு வேகம் கொண்டது. அதனுடன் அபிநயத்தைக் கௌரி அம்மாளிடமும், பின்னர்ச் சின்னையா நாயுடு, வேதாந்தம் இலட்சுமிநாராயண சாஸ்திரி ஆகியோரிடமும் அவர் கற்றார். வீட்டில் தாயாரின் பாட்டு ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. நால்வர் மரபின் தாளமும் தனம்மாள் மரபின் இராகமும் ஓர் உடலில் கூடின.

மேடையும் சட்டமும்

1930களின் தொடக்கம் தமிழக ஆடல் வரலாற்றில் கொந்தளிப்பான காலம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், கோயிற் பணிக்காக அவர்கள் பெற்ற மானிய நிலங்களை அப்பணியிலிருந்து விடுவித்தது. மறுபுறம் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் ஆடலைக் காக்க வேண்டும் என்று வாதிட்டார். சென்னை மியூசிக் அகாதெமி 1931 முதல் அம்மரபுப் பெண்களின் ஆட்டத்தைத் தன் மேடையில் நிகழ்த்தியது. சதிர் என்ற பெயர் மங்கிப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றதும் இக்காலத்திலேயே.

இவ்விருவரில் ஒருவரை நல்லவர் என்றும் மற்றவரைத் தீயவர் என்றும் எழுதுவது எளிது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே அச்சமூகத்தில் பிறந்தவர். அறியாச் சிறுமியரின் வாழ்வைப் பெரியோர் தீர்மானித்த வழக்கத்தின் கொடுமையை நூல்வழி அறிந்தவர் அல்லர் அவர், வீட்டில் உணர்ந்தவர். அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் வழக்கத்தை வேரறுத்தபோது, அவ்வேரில் பற்றியிருந்த கலையறிவையும் அதனைச் சுமந்த பெண்களின் வாழ்வாதாரத்தையும் பிரித்துக் காப்பதற்கு யாரும் முறையான ஏற்பாடு செய்யவில்லை. இதுவும் உண்மை.

அச்சூழலில் இளம் பாலசரஸ்வதியின் புகழ் வளர்ந்தது. 1934ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த இசை மாநாட்டில் அவர் ஆடினார். தென்னாட்டு ஆடலை அதுவரை கண்டிராத அவைக்கு அது புதுமையாயிற்று. சிறுவனாக அவர் ஆட்டத்தைக் கல்கத்தாவில் கண்ட ஒருவர் பின்னாளில் அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார். அவர் சத்யஜித் ராய். 1976இல் வெளிவந்த அக்குறும்படத்தின் பெயர் 'பாலா'.

அதே ஆண்டுகளில் ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935ஆம் ஆண்டு அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். ஆடல் கற்றல் என்பது மரபுக் குடும்பத்திற்கு வெளியே உள்ள பெண்களுக்கும் மதிப்புடையதாயிற்று. அம்மாற்றத்தால் இக்கலை பிழைத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அம்மதிப்பு வந்த அதே பத்தாண்டுகளில், மரபுக் குடும்பங்கள் தம் பெண்களை ஆடலிலிருந்து விலக்கிப் பாட்டிற்கும் பள்ளிக்கும் திரைப்படத்திற்கும் அனுப்பின. ஒரு வாயில் திறக்கும்போது மற்றொரு வாயில் அடைபட்டது.

பாலசரஸ்வதிக்கு அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. 1938இல் பாட்டி தனம்மாள் மறைந்தார். ஆசிரியர் கந்தப்பா பிள்ளை, உதயசங்கர் இமயமலைச் சாரலில் அல்மோராவில் அமைத்த கலைமையத்தில் கற்பிக்கச் சென்றார். 1942இல் அவரும் மறைந்தார். உடல்நலம் குன்றியது. மேடை வாய்ப்புகள் சுருங்கின. 1947ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைக் குற்றமாக்கியதோடு, கோயில் வளாகத்திலும் ஊர்வலத்திலும் அம்மரபில் ஆடுவதையும் தடை செய்தது. இருபதாம் வயதில் நாடறிந்த கலைஞர், முப்பதாம் வயதில் ஆடுதற்கு இடமின்றி நின்றார்.

அந்நாட்களில் ஒருமுறை அவர் திருத்தணிகை முருகன் கோயிலுக்குச் சென்று, அர்ச்சகரிடம் வேண்டி, காண்போர் எவரும் இன்றி இறைவன்முன் ஆடினார் என்று அவரை அறிந்தோர் கூறுவர். பார்வையாளர் இல்லை, பக்க இசை இல்லை, நட்டுவனாரும் இல்லை. பாட்டை அவரே பாடி அவரே ஆடியிருத்தல் வேண்டும். இந்நிகழ்ச்சியைப் பக்திக் கதையாகச் சொல்வோர் பலர். ஆடற்பெண்ணின் வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதுகாறும் நட்டுவனாரும் பாடகியும் தாளமும் கூடிச் செய்த தொழிலை, ஒரு பெண் தனக்குள்ளேயே முழுமையாகக் கொண்டிருக்கிறாள் என்பதை அக்கணம் காட்டுகிறது. தன்னுள் முழுமையாகக் கொண்டிருப்பவரே பிறர்க்கு வழங்க இயலும்.

மாணவி ஆசிரியையாதல்

1953ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவில் ஒரு நாட்டியப் பள்ளி தொடங்கப்பட்டது. பேராசிரியர் வே. இராகவனின் முயற்சி அதன் பின்னணியில் இருந்தது. பள்ளியின் தலைமை பாலசரஸ்வதிக்கு அளிக்கப்பட்டது. அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்து.

இன்று நோக்க இது இயல்பான செய்தியாகத் தோன்றும். நன்கு ஆடுபவர் நாட்டியப் பள்ளி நடத்துவது நம் தெருக்கள்தோறும் காணும் காட்சி. ஆனால் அவருடைய மரபில் ஆசிரியர் இருக்கை நட்டுவனாருக்கு உரியது. ஆடும் பெண் அந்த இருக்கையில் அமர்வது நூற்றாண்டுகளின் வழக்கத்தை மாற்றுவதாகும். அம்மாற்றத்தை அவர் எவ்வாறு செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

அவர் நட்டுவனாரை விலக்கவில்லை. தம் ஆசிரியர் கந்தப்பா பிள்ளையின் மகன் கணேசனைப் பள்ளியில் தம்முடன் இருத்திக்கொண்டார். அடவுப் பயிற்சி தட்டுக்கழியோடு பழைய முறையிலேயே நடந்தது. ஆசிரியரிடமிருந்து பெற்ற தாளச் செல்வத்தை ஆசிரியரின் மகன் வழியாகவே மாணவியர்க்குச் சேர்த்தார். தாம் பாட்டையும் அபிநயத்தையும் ஏற்றார். முன்பு வீட்டின் உள்ளறையில் பெயரின்றி நடந்த பெண்வழிக் கல்வி, இப்போது பள்ளியின் நடுவிடத்திற்கு வந்தது. தோரிய மகளிர் இடத்தூண் நிழலிலிருந்து வெளிச்சத்திற்கு வந்தனர் என்று கூறினும் பொருந்தும்.

அவர் கற்பித்த முறையும் கருதத்தக்கது. பாடலை முதலில் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய அடிப்படை. இராகம் நெஞ்சில் இறங்காமல் கை மட்டும் முத்திரை பிடிப்பதை அவர் ஆடலாகக் கொள்ளவில்லை. ஒரு பதத்தின் ஒரே அடியைப் பாடகி மீண்டும் மீண்டும் பாடும்போது, ஆடுபவள் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பொருளை, ஒரு புதிய மனநிலையைக் காட்டுவாள். இதனை மனப்பாடமாகப் பயிற்றுவிக்க இயலாது. நாற்பது சஞ்சாரி பாவங்களை எண்ணிட்டுக் கற்பித்தால் மாணவி நாற்பதையும் செய்வாள். நாற்பத்தொன்றாவது அவளுக்குத் தோன்றாது. ஆதலால் அவர் விடையைச் சொல்லாமல் வழியைக் காட்டினார். கவிஞர்களாகிய நம் வட்டத்தார்க்கு இது எளிதில் விளங்கும். யாப்பிலக்கணத்தைக் கற்பிக்கலாம்; கவிதையைக் கற்பிக்க இயலாது. ஆனால் நல்ல கவிதையின் அருகே ஒருவரை நெடுநாள் அமர்த்தி வைக்கலாம்.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. அவருடைய பள்ளியில் பயின்றோர் பலர். மேடையில் நிலைத்துப் பெயர் பெற்றோர் சிலரே. இராகவனின் மகளிரான பிரியம்வதாவும் நந்தினியும் அச்சிலருள் அடங்குவர். விரைந்து அரங்கேற விரும்பியவர்க்கு அப்பள்ளி ஏற்றதாக இருந்திராது. மேலும் ஒரு துயரம் உண்டு. அப்பள்ளிக்கு வந்த சிறுமியரில் பெரும்பாலோர் மரபுக் குடும்பத்திற்கு வெளியே இருந்து வந்தவர்கள். ஏழு தலைமுறையாகத் தாய்வழி வந்த செல்வத்தை வாங்கிக்கொள்ள அத்தாய்மரபின் பிற வீடுகளிலிருந்து பெண்கள் வரவில்லை. வர இயலாதவாறு காலம் அவர்களை வேறு திசையில் அனுப்பிவிட்டது. பாலசரஸ்வதி தமக்கு முன் அமர்ந்தவர் எவராயினும் கற்பித்தார். ஆயினும் முன்னிருந்த வரிசையில் இல்லாதவர்களையும் அவர் எண்ணியிருப்பார் அன்றோ?

தம் கலையை எழுத்திலும் பதித்தார். இராகவனுடன் இணைந்து அவர் எழுதிய 'பரதநாட்டியம்' என்னும் தமிழ்நூல் 1959இல் வெளிவந்தது. சங்கீத நாடக அகாதெமி விருது 1955லும், பத்மபூஷண் 1957லும் அவரை வந்தடைந்தன.

கடல் கடந்த வகுப்பறை

1961ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த கீழை மேலை இசைச் சந்திப்பில் அவர் ஆடினார். 1962இல் அமெரிக்கா சென்றார். ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவில் ஆடினார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1963இல் எடின்பரோ விழா. தொடர்ந்து பல ஆண்டுகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அவரும் அவர் தம்பியரும் ஆசிரியராக இருந்தனர். ஜார்ஜ் டவுன் வீட்டின் இசை கனெக்டிகட்டிலும் கலிபோர்னியாவிலும் ஒலித்தது.

தமிழறியா மாணவர்க்குப் பதத்தின் அபிநயத்தைக் கற்பிப்பது எத்தகைய சோதனை! தலைவி, தோழி, பாங்கி, பரத்தையிற் பிரிவு என்னும் அகமரபு அறியாதார் முன் ஊடலைக் காட்ட வேண்டும். அவர் அதனைப் பொது மனித உணர்வாகச் சுருக்கிவிடாமல், பாட்டை அதன் இராகத்தோடும் மொழியோடும் பாடியே கற்பித்தார். பெருமிதமோ தாழ்வோ இன்றித் தம் வீட்டில் செய்ததையே அங்கும் செய்தார். வெளிநாட்டில் பெற்ற புகழ் தாய்நாட்டில் அவர்மீதிருந்த மதிப்பை உயர்த்தியது என்பது நாம் சற்று நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி.

1973ஆம் ஆண்டு மியூசிக் அகாதெமி அவர்க்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் வழங்கியது. இசைவாணர்க்கு உரிய அப்பட்டம் ஆடற்கலைஞர் ஒருவர்க்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. ஆடலும் இசையும் ஒன்றே என்று அவர் வாழ்நாள் முழுதும் கூறியதற்கு அஃது ஓர் ஏற்பு. 1977இல் பத்மவிபூஷண் பெற்றார்.

ஆடலுக்குள் ஒரு கோயில்

1975ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழிசைச் சங்கம் அவரைத் தன் விழாத் தலைவராக்கி 'இசைப் பேரறிஞர்' பட்டம் அளித்தது. அவ்விழாவில் அவர் ஆற்றிய தலைமையுரை, ஆடற்கலை பற்றித் தமிழில் தோன்றிய சிந்தனைகளுள் தலைசிறந்தது என்பது என் துணிபு. நாட்டியக் கச்சேரியின் வரிசையை அவர் அதில் கோயில் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாயில். ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம். சப்தம் பெருமண்டபம். வர்ணத்தில் இறைவன் திருமுன்பை அடைகிறோம். பதத்தில் ஆரவாரம் அடங்கிக் கருவறையின் குளிர்ந்த அமைதிக்குள் நுழைகிறோம். தில்லானா கற்பூர ஆரத்தி நேரத்து மணியோசை. இறுதியில் வரும் சுலோகத்தில், வெளியே கண்ட இறைவனை அன்பர் நெஞ்சில் கொண்டு வீடு திரும்புகிறார்.

இவ்வொப்புமையைப் பல மேடைகளில் பலர் அழகுக்காக எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறேன். பேசியவர் யார் என்பதை எண்ணினால் மட்டுமே அதன் கனம் புலப்படும். கோயிலில் ஆடலாகாது என்று சட்டத்தால் தடுக்கப்பட்ட மரபின் மகள் அவர். வாயில் அடைபட்டபின், கோயிலையே கோபுரம் முதல் கருவறை வரை ஆடலுக்குள் எழுப்பிக்கொண்டார். அந்தக் கோயிலுக்குள் எவர் வேண்டுமாயினும் நுழையலாம் என்று தமிழ்மக்கள்முன் கூறினார். இன்ன குடியில் பிறந்தவர்தாம் ஆடலாம் என்றோ, பிறர் ஆடலாகாது என்றோ அவர் கூறவில்லை. வரிசையை மாற்றாதீர்கள், சிருங்காரத்தை இழிவெனத் தள்ளாதீர்கள், பாட்டைப் பிரிக்காதீர்கள் என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரம்.

சிருங்காரம் பற்றி அவர்க்கும் மறுமலர்ச்சியாளர்க்கும் நிகழ்ந்த கருத்துவேறுபாடு நாடறிந்தது. ஆடலைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று கூறப்பட்டபோது, அதில் தூய்மையற்றது எது என்று அவர் கேட்டார். ஐந்திணையையும் ஆண்டாள் பாசுரத்தையும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு அவர் பக்கம் நிற்பதில் தயக்கம் இராது. காமம் இன்பமாகவும் பக்தியாகவும் ஒருங்கே ஒளிர்வது நம் அகமரபின் இயல்பு.

பாலசரஸ்வதி 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் மறைந்தார். அவர் மகள் லட்சுமி (1943-2001) தாய்வழிக் கலையை ஆடிக் காத்தார். பேரன் அனிருத்தனும் அதனை ஆடினார். மருமகன் டக்ளஸ் நைட் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 2010இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழில் அதற்கிணையான நூலொன்று எழுதுவது நம் கடமை.

மாணவியின் வினாவுக்கு

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். மாதவிக்குக் கற்றுக்கொடுத்தவர் வரிசையில் மூத்த மகளிர் பெயர் ஏன் இல்லை? அவர்கள் செய்தது கற்பித்தல் என்று எவரும் எண்ணவில்லை. அவர்களும் எண்ணியிருக்க மாட்டார்கள். பாட்டி முணுமுணுத்த பதமும், தாய் சுட்டிக்காட்டிய பிழையும் வீட்டுவேலையின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டன. பெயர் பெறாத அறிவை இழப்பது எளிது. இழந்ததும் தெரிவதில்லை.

விராலிமலை முருகன் கோயிலில் சதிராடிய முப்பத்திரு பெண்டிருள் ஒருவரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, சதிர் என்ற சொல்லையே இளைஞர் பலர் முதன்முதலாகக் கேட்டனர். கோயிலாடலை நிறுத்திய சட்டத்திற்குப் பின் எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்து வந்த சிறப்பு அது. அப்பெண்டிர் பலரிடமிருந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய பாட்டும் அபிநயமும் அவர்களுடனேயே போயின.

ஆடல் பயிலும் சிறுமி ஆடற்கலைஞராகி, ஆடற்கலைஞர் ஆசிரியையாகும் பயணம் இன்று ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்வில் இயல்பாக நிகழ்கிறது. அவர்கள் நட்டுவாங்கத் தாளத்தைத் தாமே கையில் ஏந்துகின்றனர். அவ்வுரிமையைப் பாலசரஸ்வதி ஒருவரே பெற்றுத் தந்தார் என்று கூறுவது மிகையாகும். ஆனால் அவ்விருக்கையில் அமரும்போது எவ்வாறு அமர வேண்டும் என்பதை அவர் காட்டினார். ஆசிரியரின் மகனைப் பக்கத்தில் இருத்தி, தாயின் பாட்டை நடுவில் வைத்து, தம் பெயரைக் கடைசியில் வைத்தார்.

அவ்வினாவை எழுப்பிய மாணவி இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அண்மையில் சந்தித்தபோது, தம் வகுப்பில் அரங்கேற்று காதை நடத்துங்கால் தோரிய மகளிர்க்கு ஒரு முழு மணிநேரம் ஒதுக்குவதாகக் கூறினார். நான் அவருக்குக் கற்பித்ததா, அவர் எனக்குக் கற்பித்ததா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திலும் முன்பு பாடியவர்கள் இன்று புதியவர் பாடும்போது அருகே அமர்ந்து கேட்கிறார்கள். தளை தட்டினால் மெல்லச் சுட்டுகிறார்கள். அவர்கள் பெயரும் இம்மலரில் எங்கேனும் ஓரிடத்தில் பதியப்படுதல் வேண்டும். இடத்தூண் பக்கம் நிற்பவர்களையும் சேர்த்து வாழ்த்துவோம்.